காது கிழிந்த எலி

குழலிக்கு மூன்றாவது கருவும் தங்காமல் போகவே, குறை யாரிடம் என்று பார்க்க மருத்துவமனையில் இரண்டு ஜோடி எலிகளைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு கூண்டில் பெண் எலிக்குக் குழலியின் நொதியை ஏற்றியிருந்தார்கள்; மற்றதில் ஆண் எலிக்கு அவள் கணவன் தணிகையின் நொதி. குழலியின் எலி எட்டுக் குட்டி போட்டது. தணிகையின் எலிக்கு வாய்த்த துணைக்கோ கரு நிற்கவேயில்லை.

பார்க்க வந்த தன் அம்மாவிடம், தணிகை குட்டியில்லாத கூண்டைக் காட்டினான். "இதாம்மா அவளோடது."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள் அம்மா.

"ஆமாங்க அத்தை" என்று குழலி இருவருக்கும் காபியை நீட்டினாள். பிறகு குட்டிகள் இருந்த கூண்டுக்குள் கடலையோடு விரலை விட்டாள். தினமும் அவள் கையில் தின்று பழகிய, காது கிழிந்த தாய் எலி ஓடிவந்து விரலை நக்கியது.

"உங்க எலிக்கு என்னை நல்லா அடையாளம் தெரியுதுங்க" என்றாள் தணிகையிடம், மெதுவாக.

அவன் டம்ளரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.