சாக்ஸுக்குள் வெற்றுத் தோட்டா

“துப்பாக்கி எங்க சார்?”

“துப்பாக்கி இல்லம்மா.”

எங்கள் ஊர் பில்லிங்ஸ் விமான நிலையக் கவுண்டரில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இப்படிச் சொன்னதும், என் துப்பாக்கிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

வேட்டை சீசனில் இந்த வரிசையில் நிற்கிறவன் எவனும் துப்பாக்கி இல்லாமல் வரமாட்டான். நானே கனடாவுக்கு, மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குக் கிளம்பியிருக்கிறேன். இவரிடம் இருந்தது ஒரே ஒரு சூட்கேஸ். அது திறந்து கிடந்தது.

சட்டைகளுக்கு நடுவே கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. மேலே கொட்டை எழுத்தில் ‘வெடிமருந்து’.

எனக்கே பக்கென்றது. கவுண்டரில் இருந்த டெஸ் என்ற பெண் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டாள்.

“பயப்படாதம்மா. உள்ள மருந்து இல்ல, வெறும் கூடு.”

பெரியவர் மூடியைத் திருகி டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்தார். பித்தளைக் கூடுகள் கிலுகிலுவென்று விழுந்தன. சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக்கள்.

“அடியில பொறி கிளப்புற கேப்பைக்கூட தட்டி எடுத்துட்டேன், பாரு.” ஒரு கூட்டைக் கண்ணில் வைத்து, அடியில் இருந்த ஓட்டை வழியாக அவளைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் தோட்டாவைக் கடையில் வாங்கிச் சுட்டுவிட்டு வீசுகிற ஆட்கள் இல்லை. சுட்டதும் குனிந்து கூட்டைப் பொறுக்கிக்கொள்வோம். வீட்டில் கழுவி, புது கேப், புது மருந்து, முனையில் புது குண்டு வைத்தால் மறுபடியும் தோட்டா. மருந்தும் கேப்பும் விமானத்தில் ஏறாது. இறங்குகிற ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கூடும் குண்டும் ஏறும், தடையே இல்லை.

பெரியவருக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனாலும் கூடுகளைப் போட்டுக் கொண்டுவந்தது காலி மருந்து டப்பாவில்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலி மருந்து டப்பாவை எங்களில் எவனுக்கும் தூக்கிப்போட மனசு வராது. என் வீட்டில் ஆணி, தூண்டில் முள், நாய் பிஸ்கட் எல்லாமே அதில்தான்.

டெஸ் டப்பாவை முகர்ந்து பார்த்தாள். “வாசனை இன்னும் போகல சார். கூடு கொண்டுபோற பர்மிட்டெல்லாம் சரியா இருக்கு. ஆனா இந்த டப்பா ஏறாது.”

“பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுக் கழுவினேம்மா.”

“கூட்டுல வாசனை வரல. டப்பாவுலதான் வருது.”

அவர் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். ‘வெடி’ மட்டும் உரிந்தது.

டெஸ்ஸுக்கே பாவமாகிவிட்டது போல. “கூட்டையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு நீங்க மட்டும் கிளம்புங்க சார். அப்புறமா பார்சல்ல அனுப்பச் சொல்லுங்க.”

“இது இல்லாம நான் எதுக்கும்மா அங்க போறேன்?” பெரியவரின் நகம் நின்றது. “நமீபியாவுல இருக்கா என் பொண்ணு சிக்னி. கல்யாணத்துக்குக்கூட நான் போகல. சண்டை. இங்கேர்ந்து அவ எடுத்துட்டுப் போனது அவ துப்பாக்கி ஒண்ணுதான். நாலு வருஷமா பேச்சே இல்ல. போன வாரம் போன் பண்ணினா. ‘அப்பா, தோட்டா தீந்துபோச்சு, எடுத்துட்டு வா’ன்னா. வேற ஒரு வார்த்தை பேசல.”

கூடுகளைத் தடவினார். “இதெல்லாம் சின்னப் பொண்ணா இருந்தப்ப அவ சுட்டது. நான்தான் பின்னாடியே பொறுக்கினேன். வெறுங்கையோட போய் என்ன சொல்லிக் கதவைத் தட்டுறது?”

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. என் பையைக் கிளறி, முழங்கால் வரை வருகிற கம்பளி சாக்ஸ் ஒன்றை உருவி நீட்டினேன்.

“இதுல போட்டா ஏறுமா மேடம்?”

டெஸ் சாக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சாக்ஸைப் பத்தி ரூல் எதுவும் இல்ல.”

“தோய்ச்சதா தம்பி?” என்றார் பெரியவர்.

“ஒரு தடவை.”

“அப்ப மருந்து டப்பாவே தேவலை போல இருக்கே” என்றார். டெஸ் குபீரென்று சிரித்துவிட்டாள்.

அவர் சாக்ஸின் வாயை விரித்துப் பிடிக்க, நான் கூடுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். இவ்வளவு தூரம் சுமந்து போகிறார் என்றால் எங்கேயும் கிடைக்காத ஏதோ அபூர்வமான அளவாக இருக்க வேண்டும். ஆர்வம் தாங்காமல் ஒரு கூட்டைத் திருப்பி, அடியில் பொறித்திருந்ததைப் படித்தேன்.

தேர்ட்டி ஆட் சிக்ஸ்.

எங்கள் ஊரில் இருமல் மிட்டாய் விற்கிற கடையில்கூட அந்த அளவுத் தோட்டா இருக்கும்.

“பெரியவரே, இதுக்கா இந்தப் பாடு? தேர்ட்டி ஆட் சிக்ஸ் தோட்டா அங்க எல்லாத் துப்பாக்கிக் கடையிலயும் கிடைக்குமே! போன வருஷம் எங்க சித்தப்பா போய் இறங்கின அன்னிக்கே வாங்கினார்.”

“தெரியும் தம்பி.”

சாக்ஸின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தார்.

“அவளுக்கும் தெரியும்.”