பதினேழாம் குழி

அவர் மணலில் காதை ஒட்டவைத்துக் கிடந்தார்.

காலை எட்டு மணிதான். அதற்குள் அந்த மணலில் அப்பளம் போட்டால் பொரிந்து, ஆறி, நமத்தும் போயிருக்கும். காது வெந்தது. எடுக்கவில்லை.

ஒன்றரை அடி கீழே நூற்றுப் பதினெட்டு ஆமை முட்டைகள்.

சத்தமே இல்லை.

கடலோரத்தில் வலை அடைத்த பொரிப்பகம் அது. பதினாறு குழிகள் நாற்பத்தெட்டாம் நாளே பொங்கிவிட்டன. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடலுக்கு ஓடின.

பதினேழாவது, அவர் கையால் புதைத்தது. இன்று அறுபதாம் நாள். அறுபதில் தோண்டிப் பார்த்துவிட வேண்டும். அதுதான் விதி.

குழிக்குக் குடை பிடித்தார். விசிறினார். நேர்ந்துகொண்ட மொட்டைகளுக்கு ஏழு ஜென்மத்து முடி வேண்டும். இருப்பதோ காதோரம் நாலு.

குழி பொங்காத காரணம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

முப்பத்திரண்டு வருடம் சுகாதார ஆய்வாளர். அவர் வந்தால் ஓட்டல் ஈக்கள்கூடக் கால் கழுவிக்கொண்டுதான் உட்காரும். ஓய்வு பெற்று, ஆமைக்குத் தொண்டு செய்ய வந்த முதல் நாள். முட்டைகள் மேல் கோழை மாதிரி வழவழப்பு. பொறுக்கவில்லை. கிருமிநாசினி விட்ட வெந்நீரில் ஒவ்வொன்றாக உருட்டி உருட்டிக் கழுவிப் புதைத்தார்.

எடுத்த முட்டையைப் புரட்டவே கூடாது, உள்ளே உயிர் அறுந்துவிடும் என்று மூன்றாம் நாள்தான் காதில் விழுந்தது. காவல்காரி பூங்காவனம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குப் போவது குளிக்க மட்டும். ஒரு நாயையும் அண்டவிடவில்லை. காக்கைகள் ஊரையே மாற்றிக்கொண்டன.

“போதும் சார். தோண்டிருங்க.” பூங்காவனம்.

தோண்டினார். கை முழங்கை வரை போனது.

முதல் முட்டை. மஞ்சள் பூத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. காதருகே வைத்துப் பார்த்தார்.

பத்தாவது.

நூறாவது.

கடைசி முட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

“வெயில்...” என்று ஆரம்பித்தார்.

“மருந்து வாடை அன்னைக்கே மூக்கத் தொளச்சுது சார்,” என்றாள் அவள். “கேட்டிருந்தா மறுநாள் வந்திருப்பீங்களா? மத்த பதினாறு குழிக்கு நாய யாரு வெரட்டுறது?”



அவர் கையிலிருந்ததை அவளே வாங்கி வைத்தாள். பிறகு ஒரு பையை அவர் முன்னால் திறந்தாள். விடியலில் கரையேறிய ஆமையின் முட்டைகள்.

அதே வழவழப்பு.

ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். மேல் பக்கம் மேலேயே இருந்தது. புதுக் குழி நாலடி தூரம். போய்ச் சேர்வதற்குள் அவருக்கு ஒரு வயது கூடியது.

வைத்துவிட்டு, மூச்சு விட்டார்.

இரண்டாவதற்குத் திரும்பி வந்தார்.