சர்நேம் இல்லாதவள்

"கழுதை மாதங்கி, சாப்பிட்டியா?"

மங்களம் ஃபோனில் இப்படித்தான் ஆரம்பிப்பாள். நேரில், குஷாய்குடா வீட்டில், அக்கம்பக்கத்துக்கு முன்னால், மகள் 'கண்ணு'. கச்சிபௌலி ஹாஸ்டலுக்கு ஃபோன் போட்டால் மட்டும் கழுதை.

"சாப்பிட்டேன். இந்த ஃபோனை எவனோ ஒட்டுக் கேக்கறான்மா."

"ஆமா, நீ பெரிய மந்திரி. இந்தத் தெலுங்கு ஊர்ல நாம பேசற தமிழை எவன் உக்காந்து கேப்பான்? கேட்டாலும் அவனுக்கு என்னடி புரியும்?"

மாதங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் போகிறவர்கள் முகத்தையெல்லாம் அடையாளம் பிடிக்கும் கேமரா வேண்டாம் என்று அவள் கையெழுத்து வாங்கிய நாளிலிருந்து இதே கதை. பாலாநகரில் கூட்டம் என்று ஃபோனில்தான் சொன்னாள். ஆட்கள் வருவதற்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கூட்டாளிகள் இப்போது 'நீதான் போட்டுக் கொடுத்தியா?' என்பதுபோல் அவளையே பார்க்கிறார்கள்.

வக்கீல் சுதர்சன் கையை விரித்தார். "ஆதாரம் வேணும்மா. 'எனக்குத் தோணுது'ன்னு கேஸ் போட முடியாது."

சரி, போலீஸையே கேட்டுவிடலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினாள். 'என் ஃபோனை ஒட்டுக் கேட்கிறீர்களா? ஆம் என்றால், யார் உத்தரவு?' அதை எடுத்துக்கொண்டு நேரே போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கே போனாள்.

குமாஸ்தா உமேஷ் நெற்றியைச் சுருக்கினார். கேள்வியைப் பார்த்து அல்ல, பெயரைப் பார்த்து. தெலுங்கும் ஹிந்தியுமாக வாக்குவாதம் நடந்தது.

"இண்டி பேரு ஏதிம்மா? சர்நேம்?"

"எங்க ஆளுங்களுக்கு வீட்டுப் பேரெல்லாம் கிடையாது சார். இனிஷியல்தான். அப்பா நடேசன், அதனால என்."

"ஒத்தை எழுத்தா? நக்கோ மேடம், முடியாது. சர்நேம் கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் மனுவையே தள்ளிடும்."

"இல்லாத பேருக்கு நான் எங்க போக? நீங்களே ஒண்ணு வெச்சுடுங்க."

உமேஷ் அலுப்போடு முத்திரை குத்தினார். "விடுங்க. மேல இருக்கறவங்க செக் பண்ணிப் போட்டுக்குவாங்க."

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. மாதங்கி உறையைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கடிதத்தைப் பிரித்தாள். ஒரே வரி.

'தங்கள் தொலைபேசி உரையாடல் எதையும் இந்த அலுவலகம் ஒருபோதும் கேட்டதில்லை.'

அம்மாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள் மங்களம். "சர்நேம் இல்லேன்னு மனுவைத் தள்ளாம விட்டாங்களே, அதைச் சொல்லு."

ஆமாம், எப்படித் தள்ளாமல் விட்டார்கள்? மாதங்கி குனிந்து குப்பைக்கூடையிலிருந்து உறையை எடுத்துப் பார்த்தாள். ஆதாரம் கிடைத்துவிட்டது என்று சொல்ல வக்கீல் நம்பரைத் தேடியவள், யோசித்து, ஃபோனை அணைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

உறையின் மேல், தெலுங்கு வழக்கப்படி சர்நேமை முன்னால் வைத்து, பிழையில்லாமல் டைப் அடித்திருந்தது: 'குமாரி கழுதை மாதங்கி அவர்களுக்கு.'