நேராகக் கேட்டபோது

இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும். திரையில் ஒரு பெயர்கூட வரவில்லை.

ரத்ததான மன்றத்துக்காக அந்தத் தளத்தை எழுதியவள் முனீஸ்வரி. பழங்காநத்தம் மாலைக் கணினி வகுப்பில் அவளுடைய முதல் வேலை அது.

"என்ன முனீசு, உன் புரோகிராமு ஆத்துக்குப் போற அழகர் மாதிரி மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்னு வருதா?" என்றான் பக்கத்து நாற்காலி பாண்டிராஜ்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று திறந்து பார்த்தாள்.

தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேச வேண்டாம், நடுவில் ஓஆர்எம் என்ற தரகு மென்பொருள் இருக்கிறது, அது கேட்டு வாங்கித் தரும் என்றுதான் வகுப்பில் படித்திருந்தாள்.

அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருவர் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தார் என்று போய்க் கேட்டு, திரும்பி வந்து, அடுத்தவருக்காக மறுபடி போய்.

பாண்டிராஜ் சொன்னது சரிதான்.

ஓஆர்எம்மை ஒதுக்கிவிட்டு, நேராகத் தரவுத்தளத்துக்கே ஒரு கேள்வியை, குவெரியை, எழுதினாள். கொடுத்து நெடுநாளானவர் முதலில் வர வேண்டும். தப்பு இருக்கிறதோ என்று படித்தாள். மறுபடி படித்தாள். என்டரைத் தட்டினாள்.

விரலை எடுக்கும் முன் பெயர்கள் வந்து நின்றன.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம். ஒரு குரலுக்கு மாவட்டமே எழுந்து வாசலுக்கு வந்ததுபோல. இவ்வளவு பேரும் இத்தனை அருகிலா இருந்தார்கள்?

முதல் பெயர் காசிமாயன், கீழக்குயில்குடி. அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாக வேண்டும், காசிமாயன் இருக்கிறாரா என்று கேட்டாள் முனீஸ்வரி.

"எங்கண்ணன் தவறி ரெண்டு வருசமாச்சேம்மா. மன்றத்துல அப்பவே சொன்னமே."

முனீஸ்வரி அந்தப் பெயரின் பதிவைத் திறந்து பார்த்தாள்.

இறந்தவர்களின் பெயரை மன்றத்தில் அழிப்பதில்லை. ஓர் அடையாளம் மட்டும் வைப்பார்கள். அந்தப் பெயர்களை ஓஆர்எம் ஒவ்வொரு முறையும் யாரும் சொல்லாமலே விலக்கி வைத்திருக்கிறது. அவள் எழுதிய குவெரிக்கு அது தெரியவில்லை. கொடுத்து நெடுநாளானவர் என்று கேட்டதும் இறந்தவரையே முதலில் கூட்டி வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"எனக்கும் அதே குரூப்புதாம்மா. என்னையத்தான் இதுவரைக்கும் யாரும் கேக்கல. எந்த ஆஸ்பத்திரி? இந்தா வாரேன்."