மாவு வண்டியின் எடை

கணவாய் தாண்டி முர்காபுக்கு மாவு ஏற்றிப்போகும் லாரிகளுக்குச் சுங்கப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. எடைமேடையில் வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும். அன்று குளிர் தாங்காமல் எசென்பெக் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். தொண்ணூறு கிலோ ஆள். ஆனால் எடைச் சீட்டில் வந்தது லாரியும் மாவும் சேர்ந்த எடை மட்டும்தான்.

"இறங்குங்கண்ணே," என்றேன். இறங்கினார். எண் மாறவில்லை.

எடை போடும் கலிபா தானே மேடையில் ஏறிப் பார்த்தாள். அறுபத்திரண்டு கூடியது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு, உங்க எடையைத்தான் காட்டல. இன்னைக்குக் கணவாய் ஏற வேணாம்ணே."

"நாளைக்கு மக கல்யாணம் புள்ள, இந்த மாவுலதான் ரொட்டி சுடணும். நான் இளைச்சுட்டேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லு, நம்பவே மாட்டா!"

படிவத்தில் எல்லாம் பொருந்தியிருந்தது. வண்டியை நிறுத்திவைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் கணவாய்க்கு அந்தப் பக்கத்துச் சாவடியிலிருந்து போன் வந்தது.

"உங்க மாவு வண்டி தொண்ணூறு கிலோ கூடக் காட்டுதே?"

"டிரைவரை இறக்கிட்டு எடை போடுங்க."

"அவரு இறங்கி என் பக்கத்துலதான் நிக்கிறாரு. வண்டிக்குள்ள யாருமில்ல. திரும்ப ஏறச் சொன்னா அழுறாரு."