கேசரியின் பெல்ட்

‘செல்லப் பிராணிக் காவலர்’ பட்டம் வாங்கப் பட்டுவேட்டி சரசரக்கக் காரில் ஏறினார் ஞானசிகாமணி. கார் கிளம்பவில்லை.

“பின் சீட்டில் கேசரி பெல்ட் போடவில்லை, ஐயா,” என்றது கார்.

கேசரி என்கிற நாய் செத்து நாற்பது நாளாகிறது. காரின் கண்ணுக்கு மட்டும் அது இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டான்.

முன் சீட்டில் மனைவி அலர்மேலு உட்கார்ந்திருந்தாள். விழாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஞானசிகாமணி, பதக்கம் தொங்கும் கேசரியின் கழுத்துப் பட்டையைத் தேடியெடுத்து அதில் பெல்ட்டை மாட்டினார்.

“கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது, ஐயா. பிரேக் போட்டால் கழுத்து முறிந்துவிடும். போன தடவையும் சொன்னேன். மார்புப் பட்டை போட்டால் பதக்கம் மறைகிறது என்றீர்கள்.”

அலர்மேலு மெல்லத் திரும்பினாள். “மாரடைப்புன்னு சொன்னீங்களே?”

அரைமணி நேரச் சொற்பொழிவு சட்டைப் பையில் தயாராக இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவள் இறங்கிப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து, மார்புப் பட்டையைக் காலி இடத்தில் பிடித்து, ஒவ்வொரு கொக்கியாக மாட்டினாள். கையை எடுத்த பிறகும் பட்டை விழவில்லை. மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது.

“கேசரி பத்திரம். கிளம்பலாம், ஐயா.”

ஞானசிகாமணி கண்ணாடியில் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க,” என்றாள் அலர்மேலு. “பிரேக் மட்டும் பார்த்துப் போடுங்க.”