சாம்பல் குயில் கூவும் தீவு

கேப்டனின் பாய்மரக் கப்பல் சின்னதுதான். பன்னிரண்டு பேர் படுக்கலாம். ஒருவர் குறட்டை விட்டால் மற்ற பதினொரு பேரும் எழுந்து உட்காரலாம். ஆனாலும் எரிமலைத் தீவுகளைப் பார்க்க வருகிறவர்கள் பெரிய கப்பல்களை விட்டுவிட்டு இதில்தான் இடம் பிடித்தார்கள். காரணம், சாம்பல் குயில்.

பாறையில் வெயில் காயும் கடல் ஓணான்களையும், மனிதரைக் கண்டால் கொட்டாவி விடும் கடல்சிங்கங்களையும் எந்தக் கப்பல்காரனும் காட்டுவான். அழிந்தே போய்விட்டதோ என்று உலகம் கவலைப்படுகிற சாம்பல் குயிலின் குரலைக் கேட்க வைப்பவர் கேப்டன் ஒருவர்தான். கடைசித் தீவில், பொழுது சாயும் நேரத்தில், எரிமலை வாயின் ஓரமாகப் பயணிகளை உட்கார வைப்பார். கொஞ்ச நேரத்தில் எதிரே உள்ள கரும்பாறைக்குப் பின்னாலிருந்து அது கூவும். கேட்கலாம், பார்க்க முடியாது. தரையில் இருக்கும் கூடுகள் மிதிபடக் கூடாது என்று வனத்துறை வெள்ளைக் குச்சிகள் நட்டிருந்தது. அதைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது. அந்த விதியைக் கேப்டன் அளவுக்கு மதித்தவர்கள் வனத்துறையிலேயே கிடையாது.

மதிக்காமல் என்ன செய்வார்? பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கூவுவது அவருடைய மச்சினன்.

மச்சினன் கப்பலின் சமையல்காரன். பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு அந்தக் கூவலைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டவன். பயணிகளின் படகு கரைக்குப் போனதும், இவன் ரப்பர் தோணியில் தீவின் மறுபக்கம் போய் ஏறுவான். கூவி முடித்து, மற்றவர்கள் திரும்புவதற்குள் வந்து அடுப்பைப் பற்ற வைத்துவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் இதுவரை யாரும் சோற்றைக் கிளறிப் பார்த்ததில்லை.

இந்த முறை ஏறியிருந்த பறவை ஆய்வாளர் அம்மாள் கிளறுகிற ரகம். அந்தப் பழைய ஒலிப்பதிவைச் செய்தவரே அவர்தான் என்பது நடுக்கடலில்தான் கேப்டனுக்குத் தெரிந்தது. சாம்பல் குயிலைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தவரும் அவர்தானாம். குட்டு உடைந்தால் உரிமம் போகும், உரிமம் போனால் கப்பல் போகும். கப்பலை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது, வேறு வீடும் கிடையாது.

இந்த ஒரு தடவை விட்டுவிடலாம் என்று மச்சினனிடம் சொல்லிப் பார்த்தார். கூவாமல் விட்டால்தான் சந்தேகம் வரும் என்றான் அவன்.

"பயப்படாதீங்க அத்தான். பெட்டைக் குயிலே வந்து கேட்டாலும் ஏமாந்துரும்."

பெட்டைக் குயிலைப் பற்றிக் கேப்டனுக்குக் கவலை இல்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் எரிமலை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் ஒலிவாங்கியைப் பாறையை நோக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கேப்டன் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கூவல் வந்தது. வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து மறுபடி ஒன்று. கடைசியில், இதுவரை இல்லாத வழக்கமாக, ஒரு நீளமான இழுப்பு வேறு. அடங்காத பயல், பெரிய மனுஷி வந்திருக்கிறாள் என்று வித்தை காட்டுகிறான் என்று கேப்டன் பல்லைக் கடித்தார்.

அம்மாள் கண்ணைத் திறந்தார். முகம் சிவந்திருந்தது. எழுந்து, வெள்ளைக் குச்சிகளைத் தாண்டி, பாறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கேப்டனின் நெஞ்சு அதோடு நிற்காமல் காலையும் கிளப்பிவிட்டது. கையும் களவுமாகப் பிடிபடுவதைவிட நாமே சொல்லிவிடுவது மேல் என்று ஓடிப்போய் வழியை மறித்தார்.

"அம்மா, அங்க போகாதீங்க. அங்க குயில் இல்ல. என் மச்சினன்தான் உட்கார்ந்திருக்கான்."

பிறகு மற்ற பயணிகளுக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் கொட்டினார். தோணி, ஒலிப்பதிவு, இத்தனை நாள் ஏமாற்றியது, ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்க அந்த அம்மாள் முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது அப்போதுதான் கேப்டனுக்குத் தெரிந்தது.

"நான் உங்களைப் பிடிக்கப் போகல. அதை இன்னொரு தடவை கண்ணால பார்த்துடலாம்னு போனேன்" என்றார் அவர்.

கேப்டனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"நல்லவேளை சொன்னீங்க. இல்லன்னா குயில் கிடைச்சுடுச்சுன்னு நாளைக்கே உலகம் பூரா தம்பட்டம் அடிச்சிருப்பேன். வயசாயிடுச்சு, என் காதையே இனிமே நம்ப முடியாது."

கேப்டனின் கண்ணெதிரிலேயே அம்மாள் அன்றைய பதிவை அழித்தார். சாம்பல் குயில் இனி இல்லை என்று ஊர் திரும்பியதும் அறிவித்துவிடுவதாகவும், தன் தேடலும் இதோடு முடிந்தது என்றும் சொன்னார். புகார் செய்யப் போவதில்லை. ஆனால் மச்சினன் இனிமேல் கூவக் கூடாது என்று மட்டும் வாக்குக் கேட்டார். கேப்டன் கையடித்துக் கொடுத்தார். கப்பல் தப்பியது என்ற நிம்மதியும், ஒரு நல்ல மனுஷியை அழ வைத்தோமே என்ற வெட்கமும் அவரைப் போட்டு வாட்டின.

கப்பலுக்குத் திரும்பியபோது அடுப்பு பற்ற வைத்திருக்கவில்லை. மச்சினன் தலையோடு துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கக் கன்னம் வீங்கிப் படுக்கையில் கிடந்தான்.

"இனிமே நீ கூவ வேண்டாம்" என்றார் கேப்டன்.

"இன்னிக்கே கூவலையே அத்தான். பல்வலின்னு மாத்திரை போட்டுப் படுத்தவன், இப்பதான் கண்ணே முழிக்கிறேன்."